முத்திரை தொழிலாளிக்கு! ஏஜெண்டுக்கு?

நம் வட்டாரத்தில் ‘இ.சி.ஆர்.’ என்று சொன்னால் மரக்காணம் வழியாகப் புதுச்சேரி போகும் கடற்கரைச் சாலை என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அயல்நாட்டு வேலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார்கள். அது அவர்களுடைய பாஸ்போர்ட்டில் அச்சிடப்படும் ஒரு வரி. ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்பது அதன் பொருள்.

கம்பி கட்டும் தொழிலாளி ஒருவரும் ஜவுளி வியாபாரி ஒருவரும் ஒரே நாளில் பாஸ்போர்ட் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இந்தியப் பிரஜைகள். இருவரும் பத்தாவது தேறாதவர்கள். இருவர் கைக்கும் அதே நீல அட்டைப் புத்தகம்தான் வருகிறது. ஆனால் தொழிலாளியின் புத்தகத்தில் மட்டும் அந்த வரி இருக்கிறது. வியாபாரியின் புத்தகத்தில் இல்லை. காரணம் என்ன? வியாபாரி வருமான வரி கட்டுகிறார். தொழிலாளிக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை.

மயிலம், திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பக்கங்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிற தோழர்கள் பலர். போக நினைப்பவர்கள் இன்னும் பலர். ஆகவே இந்த ஒரு வரியின் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

யாருக்கு இந்த முத்திரை?

சட்டம் சொல்வது இது. பத்தாவது தேறியவருக்கு முத்திரை இல்லை. வருமான வரி கட்டுகிறவருக்கு இல்லை. ஐம்பது வயது கடந்தவருக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் அயல்நாட்டில் இருந்து வந்தவருக்கு இல்லை. இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது யார்? கூலி விவசாயியும், கட்டிடத் தொழிலாளியும், செங்கல் சூளையில் வேலை செய்கிறவரும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும்தான்.

முத்திரை விழுந்தவர் சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு நாடுகள், மலேசியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் காப்பாளர் என்ற மத்திய சர்க்கார் அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்தி விடுவார்கள். 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் ஏற்பாடு இது.

நான் பத்தாவது தேறியவன். ஆகையால் எனக்கு அந்த வரி கிடையாது. ஆனால் ஒரு முழம் கம்பியை நேராக வளைக்க எனக்குத் தெரியாது. நாலாவது மாடியில் சாரம் கட்டி நிற்கத் தெரிந்த தோழருக்கு அந்த வரி உண்டு. அயல்நாட்டு முதலாளிக்கு வேண்டியது அவருடைய கைத்திறமை. நம் சர்க்கார் பார்ப்பதோ அவருடைய பள்ளிச் சான்றிதழை.

படிப்பைப் பாதியில் விட்டது அவருடைய குற்றமா? கரும்பு வெட்டு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறது. சூளையிலும் அரிசி ஆலையிலும் கடனுக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை நம் திண்டிவனம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஜாதிச் சான்று கிடைக்காமல் படிப்பை நிறுத்திக்கொண்ட இருளர் பிள்ளைகளையும் தெரியும். பள்ளிக்கூடத்தைத் தொழிலாளியின் பிள்ளைக்கு எட்டாமல் வைத்தது ஒரு குற்றம். எட்டாமல் போனதையே காரணம் காட்டி, இருபது வருஷம் கழித்து அவன் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது இரண்டாவது குற்றம்.

பழைய கதை

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. தென் ஆற்காட்டிலிருந்து நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும், மலேயா ரப்பர் தோட்டத்துக்கும், மொரீஷியஸ் கரும்புக் காட்டுக்கும் போனார்கள். இலங்கைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் அடைத்து வைத்து உடம்பைச் சோதித்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவன் என்று எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த பின் இன்னொரு துண்டு. இது காகிதத் துண்டு. அவன் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்தத் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்கு அவன் வேலைக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

1922இல் வெள்ளைக்காரன் சர்க்கார் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. கூலிகளைப் பாதுகாப்பதற்கென்றே அந்தச் சட்டம் என்றார்கள். 1938இல் மலேயாவுக்கு ஆள் கட்டி அனுப்புவதைத் தடை செய்தார்கள். அதிலும் சில நல்ல ஷரத்துக்கள் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலம் முழுவதும் நடந்தது என்ன? கூலிக்காரனின் கண்ணையும் பல்லையும் பார்த்தார்கள், பெயரையும் ஊரையும் பதிந்தார்கள். கங்காணியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க மட்டும் அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சுதந்திரம் வந்த பிறகும் வெகு காலம் வரை பாஸ்போர்ட் என்பது சர்க்கார் இஷ்டப்பட்டால் கொடுக்கும் தயவாகவே இருந்தது. அயல்நாடு போவது பிரஜையின் சொந்த சுதந்திரத்தில் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் 1967இல் தீர்ப்பளித்த பிறகுதான், அதே வருஷத்தில் பாஸ்போர்ட்டுச் சட்டம் பிறந்தது. சட்டப் புத்தகத்தில் அந்த உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். பாஸ்போர்ட்டின் பக்கத்தில்தான் அது இரண்டாகப் பிரிகிறது.

2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முத்திரை உள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட்டே தனியாகக் கொடுப்போம் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். அட்டையின் நிறம் தப்பியது. உள்ளே இருக்கும் வரி தப்பவில்லை.

பாதுகாப்பு உண்டா?

அதிகாரிகளைக் கேட்டால், “படிக்காதவர்கள் ஏமாந்து போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனை” என்பார்கள். நியாயமாகப் பேசுவோம். சட்டப்படி, முறையாகப் போகிற தொழிலாளிக்குச் சில பாதுகாப்புகள் இருக்கத்தான் செய்கின்றன. முதலாளியின் பெயரும் வேலை ஒப்பந்தமும் சர்க்கார் கணக்கில் பதிவாகின்றன. இரண்டு வருஷத்துக்கு ரூ.275, மூன்று வருஷத்துக்கு ரூ.375 என்ற பிரீமியத்தில் பத்து லட்ச ரூபாய் விபத்து இன்ஷூரன்ஸ் கிடைக்கிறது. லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக் கூடிய கட்டணம் ரூ.30,000, வரி 18 சதவீதம் சேர்த்தால் ரூ.35,400. அதற்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் அது சட்ட விரோதம்.

நம் கிராமங்களில் யாராவது ரூ.35,400 மட்டும் கொடுத்து வளைகுடாவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டதுண்டா? நாம் கேள்விப்படுவதெல்லாம் எண்பதாயிரம், ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்ற கணக்குத்தான். அரைக் காணி நிலம் அடமானம், பெண்டாட்டி தாலிச் சரடு அடகு, மீதி கந்துவட்டி. போன பிறகு முதல் வருஷச் சம்பாத்தியம் முழுவதும் வட்டிக்காரனுக்கே போய்ச் சேர்கிறது.

இது எப்படி நடக்கிறது? வழியைச் சர்க்காரே திறந்து வைத்திருக்கிறது. முத்திரை உள்ளவர் வேலைக்கு அல்லாமல் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னால், 2007 அக்டோபர் முதல் அவருக்கு அனுமதி தேவையில்லை. செல்லுபடியாகும் விசாவும் திரும்பி வரும் டிக்கெட்டும் காட்டினால் போதும். ஊர் சுற்றப் போகிறவரைத் தொல்லை செய்யக் கூடாது என்பது சரியே. ஆனால் தரகன் அந்த வாசலில்தான் வந்து நிற்கிறான். “அனுமதி வாங்க நாள் ஆகும், விசிட் விசாவில் போய்விடு, அங்கே போனதும் கம்பெனி விசாவாக மாற்றிக் கொடுப்பார்கள்” என்கிறான். திரும்பும் டிக்கெட்டைக் காட்டிவிட்டு ரத்து செய்து கொள்கிறான்.

தொழிலாளி விமானம் ஏறி விட்டார். இப்போது சர்க்கார் கணக்கில் அவர் யார்? தொழிலாளி அல்ல, உல்லாசப் பிரயாணி. அவர் பெயரில் ஒப்பந்தம் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. எந்தக் கம்பெனிக்குப் போனார் என்ற பதிவும் இல்லை. சொன்ன சம்பளம் கிடைக்காமல் தூதரகத்துக்குப் போனால், “ஒப்பந்தம் எங்கே?” என்று கேட்பார்கள். விசா மாறவில்லை என்றால் அவர் அந்த நாட்டில் சட்ட விரோதமாகத் தங்கியவர் ஆகிறார். அபராதமும் சிறையும் அவரைத்தான் தேடி வரும். பாஸ்போர்ட்டோ முதலாளியின் பெட்டிக்குள் இருக்கும்.

பிடிபட்டால் தரகனுக்கு என்ன தண்டனை? லைசென்ஸ் இல்லாமல் ஆள் பிடித்து அனுப்புகிறவனுக்கு 1983ஆம் வருஷச் சட்டம் விதித்தது அதிகபட்சம் இரண்டு வருஷச் சிறை, அபராதம் அதிகபட்சம் இரண்டாயிரம் ரூபாய்! ஒரு தலைக்கு ஒன்றரை லட்சம் வாங்குகிறவனுக்கு இரண்டாயிரம் அபராதம். பஸ் ஸ்டாண்டில் தேநீர்க் கடை போட்டவர் கூட இதைவிட அதிக அபராதத்துக்குப் பயப்படுகிறார். லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய ஏஜெண்டு ஐம்பது லட்ச ரூபாய் பாங்கி ஜாமீன் கட்டி நகரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கிராமத்துக்குள் வந்து பணம் வாங்குகிறவனோ அவனுடைய கீழ்த்தரகன். அவனுக்கு லைசென்ஸ் இல்லை, ஜாமீன் இல்லை, பணம் வாங்கியதற்கு ரசீதும் இல்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடம் விடியற்காலையில் தீப்பற்றியது. 45 இந்தியத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். அந்தச் செய்தி வந்த நாளில் நம் மாவட்டத்திலும் அழுகுரல் கேட்டது. குடிபெயர்வுச் சோதனை, போகிறவன் பத்தாவது தேறினானா என்று கேட்கிறது. அவன் படுக்கப் போகிற கட்டிடத்தில் ஒரு மாடிக்கு எத்தனை பேர், தீப்பிடித்தால் இறங்கி ஓட வழி உண்டா என்று அது கேட்டதுண்டா?

படித்தவர் ஏமாறவில்லையா?

படிக்காதவன்தான் ஏமாறுவான் என்ற நினைப்பின் மேல்தான் இந்த முத்திரையே நிற்கிறது. அந்த நினைப்பு சரியா?

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட இளைஞர்களின் கதையைப் பாருங்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்திப் போய், காவலுக்குள் அடைத்து, இன்டர்நெட் மூலம் பிறரை மோசடி செய்யும் வேலையில் கட்டாயப்படுத்தினார்கள். மறுத்தவர்களுக்கு அடி விழுந்தது. 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னும் கம்போடியா, லாவோஸ், மியான்மர் நாடுகளிலிருந்து மீண்டு வந்தவர்கள் அநேகர். இப்படிச் சிக்கியவர்களில் பட்டப்படிப்பு முடித்தவர்களும் இஞ்சினீயர்களும் இருந்தார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை. அவர்களை ஒரு அதிகாரியும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே ஏமாறுவதற்குக் காரணம் எழுத்தறிவு இல்லாமை அல்ல. உள்ளூரில் வேலை இல்லாமையும், கேள்வி கேட்பாரில்லாத தரகர் வியாபாரமும்தான் காரணம். படித்தவருக்குச் சோதனையே இல்லை, படிக்காதவருக்குச் சோதனை உண்டு, இருவருமே மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், சோதனை தவறான ஆளின் மேல் நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதற்கிடையில் நாடுகள் தம் கதவுகளைத் திறக்கும் விதத்தையும் கவனியுங்கள். 2023 நவம்பர் முதல் தாய்லாந்தும், அதே வருஷம் டிசம்பர் முதல் மலேசியாவும் இந்தியப் பிரயாணிகளுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தன. எதற்காக? நம் பணக்காரர்கள் அங்கே போய்ச் செலவு செய்வதற்காக. செலவு செய்கிறவனுக்கு வாசல் திறக்கிறது. அதே ஹோட்டலைக் கட்ட வருகிறவனுக்கும், அதன் தட்டைக் கழுவ வருகிறவனுக்கும் வாசல் வேறு, காகிதம் வேறு, கட்டணமும் வேறு.

வியத்நாம் சொல்வது என்ன?

வியத்நாம் நமக்கு அன்னிய பூமி அல்ல. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ தமிழர்கள் சைகோனுக்குப் போனார்கள். அந்த நகரத்தில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அங்கேயும் கையில் எந்தக் காகிதம் இருந்ததோ அதைப் பொறுத்துத்தான் ஒருவருக்குப் பதவியும் மரியாதையும் கிடைத்தன.

அதே சைகோன் துறைமுகத்திலிருந்து 1911 ஜூனில் ஒரு இளைஞர் பிரெஞ்சுக் கப்பலொன்றில் சமையற்கூட உதவியாளாக ஏறினார். பாத்திரம் கழுவிக்கொண்டே கடல் கடந்தார். முப்பது வருஷம் கழித்துத்தான் தாய்நாட்டு மண்ணை மிதித்தார். அவர்தான் ஹோ சி மின். வேலை தேடிக் கப்பலேறிய ஒரு கூலிக்காரர் என்ற முறையில் அவரும் நம்மைச் சேர்ந்தவரே.

அவர் பிறந்த மாகாணம் நெ-ஆன். நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்த மாகாணத்து ஏழைகள் பிழைப்புத் தேடிக் கடல் கடக்கிறார்கள். 2019 அக்டோபர் 23 அன்று இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ஒரு குளிர்பதன லாரிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே 39 வியத்நாமியர்களின் பிணங்கள். மூச்சு முட்டிச் செத்திருந்தார்கள். எட்டுப் பெண்கள்; பதினைந்து வயதுப் பையன்களும் உண்டு. பலர் நெ-ஆன், ஹா-தின் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டை அடமானம் வைத்துத் தரகர்களுக்குக் கட்டிய குடும்பங்கள் அவை. முறையான விசா அவர்களுக்கு எட்டவில்லை, லாரிப் பெட்டி எட்டியது.

இன்னொன்றும் கேளுங்கள். 2022 ஜூலையில் வியத்நாம் புதிய பாஸ்போர்ட்டு வெளியிட்டது. அதில் பிறந்த ஊர் என்ற ஒரு வரி விட்டுப் போயிற்று. உடனே ஜெர்மனி அந்தப் பாஸ்போர்ட்டை ஏற்க மறுத்தது. வேறு சில ஐரோப்பிய நாடுகளும் தகராறு செய்தன. பிறந்த ஊரைத் தனியாகக் குறித்துக் கொடுத்து, 2023 ஜனவரி முதல் அந்த வரியை மறுபடி அச்சிட்ட பிறகுதான் சங்கடம் தீர்ந்தது. ஒரு வரி இல்லாததால் அவர்கள் வாசலில் நின்றார்கள். ஒரு வரி இருப்பதால் நம்மவர்கள் நிற்கிறார்கள். ஏழை நாட்டுப் பிரஜையின் பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் விலை இருக்கிறது.

ஆனால் வியத்நாம் செய்த ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். 2020 நவம்பரில் அந்நாட்டின் தேசிய சபை, ஒப்பந்தத்தில் அயல்நாடு செல்லும் தொழிலாளர்களுக்காகப் புதிய சட்டம் இயற்றியது. 2022 ஜனவரி 1 முதல் அது அமுலுக்கு வந்தது. தரகுக் கூலியைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் தடுக்கிறது. கம்பெனி வாங்கும் சேவைக் கட்டணம் இன்னும் உண்டு. அதற்கும் தொழிலாளியின் மாதச் சம்பளத்தை அளவாக வைத்து உச்சவரம்பு கட்டியிருக்கிறார்கள். சட்டம் எழுதிய மாத்திரத்தில் தரகன் ஒழிந்துவிட மாட்டான் என்பது உண்மை. ஆயினும், கூலி யார் தலையில் என்ற கேள்வியைச் சட்டத்திலேயே கேட்டு விட்டார்கள். நம் நாட்டில் 1983ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2019இலும், 2021இலும், 2025இலும் நகல் மசோதாக்கள் வெளிவந்தன. எந்த மசோதா வந்தாலும் தொழிலாளி பார்க்க வேண்டிய முதல் ஷரத்து இதுதான்: ஆள் அனுப்பும் செலவை யார் கட்டுவது?

பெண்களின் பேரில் பூட்டு

முத்திரை உள்ள பெண், முப்பது வயது ஆகாவிட்டால், அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி இல்லை. பாதுகாப்புக்காக என்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பட்ட துன்பம் நமக்குத் தெரியாதது அல்ல. ஆனால் இருபத்தைந்து வயதில் புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறவள் என்ன செய்வாள்? முறையான வழி பூட்டியிருக்கிறது என்றதும் விசிட் விசா காட்டும் தரகனிடம் போகிறாள். பூட்டு அவளைத் தடுப்பதில்லை. அவளைக் கணக்கிலிருந்து மறைத்து விடுகிறது. அடித்த எஜமானனைக் கேட்க முடியாத சர்க்கார், அடிபடுகிறவளின் வயதைக் கேட்கிறது.

இரண்டு அபிப்பிராயங்கள்

இந்த விஷயத்தில் தோழர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கின்றன.

ஒன்று: “சோதனையையே எடுத்து எறிய வேண்டும். எல்லோரும் போகிற மாதிரி நாமும் போகலாம்.” இதைக் கேட்க இனிப்பாக இருக்கும். ஏஜெண்டுகளுக்கும் இதுதான் ஆசை. சோதனையை அப்படியே எடுத்துவிட்டால் ஒப்பந்தப் பதிவும் போகும், இன்ஷூரன்ஸும் போகும், கட்டண வரம்பும் போகும். நாம் வேண்டாம் என்பது ஆளின் மேல் விழும் முத்திரையை. வேலையின் மேலும், முதலாளியின் மேலும், ஏஜெண்டின் மேலும் சோதனை இன்னும் கடுமையாக வேண்டும் என்றே கேட்கிறோம்.

இரண்டாவது: “ஊரை விட்டு ஏன் போக வேண்டும்? இங்கேயே இருந்து கூலி உயர்வுக்குப் போராட வேண்டியதுதானே?” இதில் நியாயம் இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளிகள் பிரெஞ்சுப் போலீஸின் குண்டுக்கு இரையானார்கள். பன்னிரண்டு பேர் உயிர் கொடுத்து எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். நின்று போராடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் அதே புதுச்சேரியில் ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. நம் கிராமத்தில் நடவும் அறுவடையும் மிஷின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வயலில் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வேண்டுமே! பிழைப்புத் தேடிப் போகிறவன் போராட்டத்தை விட்டு ஓடுகிறவன் அல்ல. அவன் மஸ்கட்டில் சாரம் கட்டினாலும், மயிலத்தில் கரும்பு வெட்டினாலும், விற்பது ஒரே கைகளின் உழைப்பைத்தான். இங்கே அவனுக்குச் சங்கம் இருக்கிறது; விமானம் ஏறியதும் அவனுக்குச் சங்கம் இல்லை. ஆகையால் ஏறுவதற்கு முன்பே சங்கம் அவனோடு நிற்க வேண்டும்.

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

பாஸ்போர்ட்டில் உள்ள அந்த வரியை நீக்க வேண்டும். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லாமல், கூலி வேலைக்குப் போகிற ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும், எந்த நாடானாலும், பதிவு செய்து பரிசோதிக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் எல்லோருக்கும் வேண்டும்.

ஆள் தேடும் செலவு முழுவதையும் வேலைக்கு எடுக்கும் முதலாளியே கட்ட வேண்டும். தொழிலாளியிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது.

கீழ்த்தரகன் செய்யும் மோசடிக்கு லைசென்ஸ் ஏஜெண்டும் பொறுப்பாக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்ற கேலிக்கூத்து ஒழிய வேண்டும். ஏமாந்தவரின் பணம் ஏஜெண்டு கட்டிய ஜாமீன் தொகையிலிருந்து திரும்பக் கிடைக்க வேண்டும்.

ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். சம்பளம், வேலை நேரம், தங்கும் இடம் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். புகார் கொடுக்கச் சென்னைக்கு அலையாமல் விழுப்புரத்திலேயே ஏற்பாடு வேண்டும்.

பெண்களுக்கு வயதுப் பூட்டுக்குப் பதிலாகப் பாதுகாப்பான ஒப்பந்தமும், எஜமானனை மாற்றிக்கொள்ளும் உரிமையும், ஆபத்தில் ஓடி வந்து தங்க இடமும் வேண்டும்.

குடிபெயரும் தொழிலாளர்களின் உரிமைகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1990இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் இந்தியா சேர வேண்டும். தன் தொழிலாளரை ஏராளமாக அயல்நாடு அனுப்பும் பிலிப்பைன்ஸும், பக்கத்து நாடான இலங்கையும் அதில் சேர்ந்து வெகு காலம் ஆகிறது.

இன்று செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி இருக்க முடியாது. போக நினைக்கும் தோழர்கள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர் விசிட் விசாவில் போகாதீர்கள். “அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறவனை நம்பாதீர்கள். ஏஜெண்டின் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். அது உண்மையா என்று மத்திய சர்க்காரின் ‘இ-மைக்ரேட்’ பட்டியலில் பார்த்து விடலாம். படித்த பிள்ளை ஒருவரிடம் சொன்னால் கைபேசியிலேயே பார்த்துச் சொல்லும். தமிழ்நாடு சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. தரகனிடம் போகுமுன் அங்கே விசாரியுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ரசீது நான்கின் நகலையும் வீட்டில் ஒன்று, சங்க ஆபீஸில் ஒன்று என்று வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

முக்கியமாக ஒன்று. ஏமாந்த பிறகு சங்கத்துக்கு ஓடி வருகிறவர்கள்தான் இன்றைக்கு அதிகம். பணம் போன பின், ஆள் மாட்டிக்கொண்ட பின், மனு எழுதுவதைத் தவிர வேறு வழி குறைவு. பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் வாருங்கள். கிளைத் தோழர்களும் தத்தம் கிராமத்தில் அயல்நாடு போயிருப்பவர் யார், எந்த ஏஜெண்டு மூலம் போனார், எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு ஏஜெண்டின் பெயர் நாலு கிராமத்து நோட்டில் வந்தால், அப்போது நாம் கலெக்டரிடம் போவது தனி ஆளாக அல்ல.

கங்காணியின் கணக்குப் புத்தகத்தை அன்று யாரும் புரட்டவில்லை. இன்றைய கங்காணியின் கணக்கை நாம் எழுதத் தொடங்குவோம்.